தவராசாவின் சிவப்புப் பேனை

"எங்கையப்பா இந்தச் சிவப்புப் பேனை?"

மணி எட்டு முப்பத்திரண்டு. பிரதம லிகிதர் தவராசா மேசை லாச்சிக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

எட்டரைக்கு வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழவேண்டும். பிந்தி வருகிறவர் கோட்டுக்குக் கீழேதான் கையெழுத்து வைக்கவேண்டும். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த அந்த அரசாங்கக் கந்தோரில், சண்டை நடந்த 2008இலும் அதுதான் சட்டம்.

எட்டே முக்காலுக்கு, மூதூரிலிருந்து படகில் வேலைக்கு வருகிற நபீஸா ஓடிவந்தாள். செருப்பெல்லாம் கடல் தண்ணீர்.

"மூதூர் லோஞ்சு பிந்திட்டு சேர். நேவிக்காரர் ஒவ்வொரு பேக்கா கொட்டிப் பாத்தாங்க."

"சரி, சரி. கையெழுத்தை வையுங்கோ பிள்ளை."

அவள் வைத்து முடித்ததுதான் தாமதம், "ஆ, இந்தா கிடக்கு!" என்று ஃபைலுக்கு அடியிலிருந்து பேனையை எடுத்துக் கோட்டை இழுத்தார் மனிசன்.

தன் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த புஷ்பவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாத்தீங்களே ஜமால்தீன் அண்ணை? இந்தக் கிழமையில மூண்டாந்தரம்!" என்றாள் பக்கத்து மேசைக்காரரிடம். "உலகத்தில உள்ளதெல்லாம் போனுக்குள்ள எழுதி வைக்கிற மனிசனுக்கு ஒரு பேனையை ஞாபகம் வைக்க ஏலாதாம்!"

அவள் சொன்னதில் பிழையில்லை. கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய புதுப் போனில் 'செய்யவேண்டியவை' என்று ஒரு பட்டியல் இருந்தது. தவராசாவுக்கு அதில் அப்படியொரு பைத்தியம். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டித் தட்டி வைப்பார். ஒன்பதுக்கு மாவட்டக் கச்சேரிக்கு அனுப்புகிற ஃபைல். பத்தேகாலுக்குப் பிரஷர் குளிசை. பின்னேரம் வீட்டுக்கு மல்லித்தூள். போன் கத்தும், வேலையை முடிப்பார், 'சரி' அடையாளம் போடுவார். தேத்தண்ணி குடித்ததற்கும் ஒரு 'சரி' போட்டால்தான் அவருக்குக் குடித்த மாதிரி.

"ஊருக்கெல்லாம் சாத்திரம் சொன்ன பல்லி கூழ்ப்பானைக்குள்ள விழுந்த கதைதான்," என்றாள் புஷ்பவதி. "நானும் குச்சவெளியில இருந்துதானே வாறன்? விடிய நாலரைக்கு எழும்பி, ஒவ்வொரு ஆமிச் சென்றியிலையும் இறங்கி ஏறி வாறன். வேலைக்கு வந்து ஒன்பது மாசம். ஒருநாள் கோட்டுக்குக் கீழ கையெழுத்து வைச்சிருப்பனா? பஸ் பிந்தினாலும் கோணேசர் என்னைக் கைவிடேல்லை."

ஜமால்தீன் இருமினார். "விடுங்க தங்கச்சி. அந்தப் பிள்ளைக்கு மாசக் கடைசியிலதான் வேலை நிரந்தரமாகப்போகுது. கோட்டுக்குக் கீழ ஒரு கையெழுத்து விழுந்தாலும் ஃபைல் திரும்பி வந்திடும்."

"அதுக்கு? ஆளுக்கொரு சட்டமோ?"

அன்று பின்னேரமே கடைக்குப் போய்ச் சிவப்புப் பேனை ஒன்றை வாங்கிக் கைப்பைக்குள் போட்டாள். நாளைக்கு எட்டரைக்கு நேரே நீட்டினால் மனிசன் என்ன சாட்டுச் சொல்லும், பாப்பம்!

மறுநாள் நல்ல மழை. நபீஸாவைக் காணவில்லை. தவராசாவை மேலதிகாரி தன் அறைக்குள் கூப்பிட்டிருந்தார்.

எட்டு இருபத்தைந்துக்கு, மேசையில் விட்டுப்போன அவருடைய போன் கத்தத் தொடங்கியது. காது வெடிக்கிற சத்தம். நிறுத்துவோம் என்று எடுத்த புஷ்பவதி, எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

'சிவப்புப் பேனையை மறக்கவேண்டும். நபீஸா வந்தபிறகு எடுக்கவேண்டும்.'

அட கள்ள மனிசா! மறதியில்லை, நடிப்பு!

ஒரு கையில் போன், மறுகையில் புதுப் பேனை. மேலதிகாரியின் அறையை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். இண்டைக்கு ரெண்டில ஒண்டு பார்க்காமல் விடுகிறதில்லை. எத்தனை நாளாய் இந்தக் கூத்து நடக்கிறது என்றும் கணக்காய்ச் சொல்லவேண்டுமே! நடந்துகொண்டே, முடிந்த வேலைகளின் பட்டியலைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தாள்.

நபீஸா, சரி. நபீஸா, சரி. நபீஸா, சரி.

பிறகு:

'செப்ரம்பர் 19. குச்சவெளி பஸ் வரேல்லை. புஷ்பவதி வருமட்டும் பேனையை மறக்கவேண்டும்.' சரி.

'செப்ரம்பர் 3. புஷ்பவதி. பேனை.' சரி.

'ஓகஸ்ட் 12. புஷ்பவதி.' சரி.

கால் அப்படியே நின்றுவிட்டது. மூச்சிரைக்க ஓடிவந்த அந்த நாட்களில் எல்லாம் இந்த மனிசன் லாச்சிக்குள் தலையை விட்டுக்கொண்டுதானே நின்றது? அவளும் பார்த்துச் சிரித்தவள்தானே? போனை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

அறைக் கதவு திறந்தது. மேலதிகாரி முன்னால் வந்தார், பின்னால் தவராசா.

"எட்டரை தாண்டிட்டுது தவராசா. கோடு கீறியாச்சோ?"

"பேனையைத்தான் காணேல்லை சேர்..."

"இதென்ன விசர்க்கதை? ஒரு கந்தோருக்குள்ள ஒரு சிவப்புப் பேனை இல்லையோ? புஷ்பவதி, உங்களிட்டை இருக்கே?"

துறைமுக ஜெட்டிப் பக்கம் மூதூர் லோஞ்சின் ஹோன் கேட்டது. இன்னும் பத்து நிமிசம் போதும், நபீஸா வந்துவிடுவாள்.

"நேற்று ஒண்டு வாங்கினனான் சேர்," என்றாள் புஷ்பவதி, கையிலிருந்த பேனையைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டே. "வீட்டில மறந்திட்டு வந்திட்டன்."