பதின்மூன்றாவது குரல்

பவர் மெட்டல் என்ற ராக் வகைப் பாட்டில் கோரஸ் என்றால் ஒரு படையே திரண்டு பாடுவதுபோல் இருக்க வேண்டும். இந்த இசைக்குழுவில் இருப்பதோ நான்கே பேர். அதனால் அவர்களுடைய முதல் ஆல்பத்துக்கு ஒவ்வொரு கோரஸையும் ஆளுக்கு மூன்று தடவை பாடவைத்துப் பதிவு செய்தேன். மொத்தம் பன்னிரண்டு குரல்கள். எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்கும் மிக்ஸிங்கில் உட்கார்ந்தபோது பதின்மூன்று கேட்டன.

தனித்தனியாகப் போட்டால் பன்னிரண்டும் சுத்தம். சேர்த்துப் போட்டால், "வாளை உயர்த்து" என்ற வரி வருவதற்கு அரை நொடி முன்பே எவனோ மூச்சிழுக்கிறான். பேஸ் கிட்டார் வாசிப்பவன்மேல்தான் சந்தேகப்பட்டேன். வால்பையன்.

"சத்தியமா நான் இல்லண்ணே," என்றான். யாரும் சிரிக்கவில்லை.

"நல்லாத்தானே இருக்கு, விட்ருங்களேன்," என்றான் பாடகன், கொஞ்சம் அவசரமாகவே.

நால்வரும் சேர்ந்து என் காதில் பூச்சுற்றுகிறார்கள் என்று பட்டது. மறுநாள் ஆல்பத்தைக் கொடுத்தாக வேண்டும். பழையதை எல்லாம் அழித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கவைத்து, என் கண்ணெதிரே மறுபடி பாடச் சொன்னேன். டிரம்மர் ஹெட்போன்களைக் கொண்டுவந்தான். ஐந்து.

"எதுக்குடா அஞ்சு?"

"ஸ்பேர்ணே."

ஐந்தாவதை ஒரு ஸ்டாண்டில் மாட்டிவைத்தான்.

பாடி முடித்தார்கள். நான்கு வாயும் மூடியதைப் பார்த்தேன். அதன் பிறகுதான் என் ஹெட்போனில் அது கேட்டது.

"அண்ணே, எனக்குக் கொஞ்சம் சத்தம் கூட்டுங்க."

டிரம்மர் தரையைப் பார்த்தபடி மைக்கிடம் வந்தான்.

"கூட்டிடுங்கண்ணே. முதல் நாள்லேர்ந்தே கேட்டுக்கிட்டிருக்கான்."