வாங்காத தாம்பூலம்

முந்தானைக்குள் இரண்டு கையையும் சுற்றி ஒளித்துக்கொண்டாள்.

கை வெளியே தெரிந்தால் பையைத் திணித்துவிடுவார்கள்.

மண்டபத்து வாசலில் மேசை. மேசை நிறைய ரோஸ் நிறப் பைகள். ஒவ்வொன்றிலும் தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள், மூடி போட்ட குட்டி எவர்சில்வர் டப்பா. சாப்பிட்டுக் கிளம்புகிற ஒருத்தரையும் விடாமல் கொடுத்துக்கொண்டிருந்தாள் செண்பகம், மதினியின் தங்கை.

கல்யாணம் அண்ணன் மகளுக்கு.

எந்தக் கல்யாண வீடும் வெறுங்கையோடு அனுப்பாதுதான். அவள் தெருவில், பாய் வீட்டில் பேரீச்சம்பழமும் கற்கண்டும். டீச்சரம்மா வீட்டில் வெள்ளைப் பெட்டிக்குள் கேக். வெளிநாட்டில் ஓரிடத்தில் சர்க்கரை பூசிய பாதாம் பருப்பை வலைத்துணியில் முடிந்து கொடுப்பார்களாம். டீச்சரம்மா மகள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

ஆனால் இவர்கள் வகையறாவில் கூடுதலாக ஒன்று உண்டு.

யாராவது தாம்பூலம் வாங்காமல் போய்விட்டால், பெண்ணைப் பெற்றவனே அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுப் படியேறிக் கொடுக்க வேண்டும். ஆள் மூலம் கொடுத்தனுப்பினால் செல்லாது.

அண்ணன் அவள் வீட்டுப் படியேறி ஏழு வருஷம்.

புதுவீட்டில் பால் காய்ச்சிய அன்று அவரை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான். இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று துண்டை உதறிவிட்டுப் போனவர்.

இந்தக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கக்கூட மதினி மட்டும்தான் உள்ளே வந்தாள். கார் தெருமுனையிலேயே நின்றது. ஜன்னலுக்கு வெளியே அண்ணனின் முழங்கை மட்டும் தெரிந்தது.

கார் திரும்பும்வரை அவள் அந்த முழங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதனால்தான் இன்றைக்குப் பை வேண்டாம்.

பார்த்தால், அவள் புருஷன் முத்திருளன் கையில் பை ஆடிக்கொண்டிருந்தது.

அவள் ஒரு பார்வை பார்த்தாள்.

பை திரும்பவும் மேசைக்குப் போனது.

"என்னண்ணே, வேணாமா?" என்றாள் செண்பகம்.

"எனக்கு சுகரும்மா."

"தேங்காய்க்கு ஏதுண்ணே சுகரு? உங்க வீட்டம்மா கையில குடுக்குறேன். எங்க அவுக?"

அவள் அதற்குள் மண்டபத்து அடுப்படிப் பக்கம் நழுவியிருந்தாள்.

கொல்லையில் அண்டா கழுவிக்கொண்டிருந்த வேலைக்காரம்மா நிமிர்ந்தாள். "அங்கிட்டு எங்கம்மா போறீக? பின்கேட்டு பூட்டிக் கெடக்கு. சாவி பொண்ணோட அப்பாருகிட்ட."

சுவரேறிக் குதிக்கிற வயசில்லை. இருந்தாலும் போய்ப் பார்த்தாள்.

பூட்டு வாயைத் திறந்துகொண்டு கொண்டியில் தொங்கியது.

நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டாள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்கையோடு வெளியே நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் உலை வைத்தாள்.

முத்திருளன் சட்டையைக் கழற்றியபடி எட்டிப் பார்த்தார். "கல்யாணச் சாப்பாடு இன்னும் தொண்டையிலயே நிக்குது. இப்ப யாருக்கு?"

அவள் அப்பளத்தை வெயிலில் காட்டினாள். வாசலை இரண்டு தரம் பெருக்கினாள்.

அண்ணன் வராமல் போய்விட்டால்?

சோறு வெந்தது. பருப்பு கடைந்தாயிற்று. தெருவில் போன ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் அவள் கழுத்து திரும்பியது.

விளக்கு வைக்கிற நேரம்.

அந்தக் கார் தெருமுனையில் நிற்கவில்லை. வாசல் வரைக்கும் வந்தது.

பெண்ணை அனுப்பிவைத்த கையோடு வந்திருந்தார். கல்யாண வேட்டியைக்கூட மாற்றவில்லை. கையில் ரோஸ் நிறப் பை. முகத்தைக் கடுகடுவென்று வைத்திருந்தார்.

"தாம்பூலம் வாங்காம வர்றது எந்த ஊரு வழக்கம்?"

"உள்ள வந்து திட்டுங்கண்ணே."

அவர் படியைப் பார்த்தார். ஏறினார்.

பையை நீட்டினார். அவள் கையை முந்தானையிலிருந்து எடுக்கவில்லை.

"சாப்பிடுங்க. அப்புறம் வாங்கிக்கிறேன்."

கூடத்தில் இலை போட்டாள். ஒரே இலை.

முத்திருளன் பக்கத்தில் உட்காரப் போனார்.

"நீங்க ரெண்டாம் பந்தி" என்றாள்.

அண்ணன் மீசைக்குள் எதையோ அமுக்கிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இடுப்பிலிருந்து ஏதோ நழுவி, ணங்கென்று தரையில் விழுந்தது.

மரக்கட்டை கட்டிய சாவி. கட்டையில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது: பின்கேட்.

அவர் சட்டென்று அதன்மேல் தாம்பூலப் பையை வைத்தார்.

அவள் ஒன்றும் பார்க்கவில்லை.

பருப்புக்கு நெய் ஊற்றினாள். பிறகு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.