சோகப் பாட்டு மேடம்

"இது சலவைக் கம்பெனியா, இல்ல எழவு வீடா?" என்றாள் பெரியக்கா.

மடிப்பு ஹாலில் வழக்கம்போல அந்தப் பாட்டு ஆரம்பித்திருந்தது. இழுத்து இழுத்து, யாரோ யாரையோ விட்டுப் பிரிந்துபோகிற பாட்டு.

ஆஸ்பத்திரிக்கும் ஓட்டலுக்கும் போகிற வெள்ளை விரிப்புகள் இஸ்திரி உருளையிலிருந்து சுடச்சுட வந்து விழும். ஆறு மேசை, மேசைக்கு இரண்டு பெண்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தலைக்கு மேலே தூக்கி உதறி, எதிரும் புதிருமாக நடந்துவந்து மடிக்க வேண்டும். ஜன்னல் வெயிலில் ஆவி மிதக்கும். வாசலில் நின்று பார்த்தால் பன்னிரண்டு பேரும் கனவில் நடப்பதுபோல இருக்கும்.

பாட்டு எப்படியோ, கையும் அப்படித்தான். துள்ளலாக ஓடினால் கை பறக்கும். பாட்டு இழுத்தால் கையும் இழுக்கும். பெரியக்காவுக்கு ஆத்திரமே அதில்தான்.

நான்கு மணிக்கு மேனேஜர் வந்து மேசை மேசையாக எண்ணுவார். மற்ற மேசைகளைவிடப் பின்தங்குகிற ஜோடிக்கு ஒரு வாரம் அவகாசம். அப்புறமும் தேறாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இருபது வருஷத்தில் பெரியக்காவின் மேசை ஒருநாளும் பின்தங்கியதில்லை. தோள் எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்துக் கிடந்துவிட்டு வந்த பிறகும்கூட. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சநஞ்சம் இல்லை.

"நான் லீவுல போறதுக்கு முன்னாடி இங்க பாட்டு எப்படித் துள்ளும். இப்ப என்ன கேடு வந்துச்சு?"

எதிரே விரிப்பைப் பிடித்திருந்த கண்ணாடிக்காரி சிரித்தாள். "இதுவும் அதே பாட்டுதான்க்கா. அதே மெட்டு. மெதுவா பாடியிருக்காங்க, அவ்வளவுதான். அதுக்கே கண்ணு கலங்குது பாரேன்."

"அதெப்படிடி?"

"சந்தோஷமா இருக்கறவ துள்ளி நடப்பா, சத்தமா பேசுவா. மனசு ஒடிஞ்சவ மெதுவா நடப்பா, பேச்சும் முனகலாத்தான் வரும். பாட்டு நம்மளப் பாத்துக் கத்துக்கிச்சு போல."

"தத்துவம் பேசினது போதும், மூலையப் பிடி."

பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் மேற்பார்வை மேடம் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். 'சோகப் பாட்டு மேடம்' என்பது பெரியக்கா வைத்த பெயர்.

"வீட்டுல புருஷனோட சண்டையா இருக்கும். அத நம்ம தலையில கட்டுது," என்றாள். கண்ணாடிக்காரி அடுத்த விரிப்பை எடுத்தாள்.

பாட்டை மாற்றச் சொல்லி அன்றைக்கே ஒரு தாளில் எழுதி, மேசை மேசையாக நீட்டினாள் பெரியக்கா. ஒருத்திக்குக் கை ஈரமாம். இன்னொருத்திக்குத் தலைவலியாம். கண்ணாடிக்காரியோ கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பயந்தாங்கொள்ளிங்க," என்று சொல்லிவிட்டு, தன் ஒரே கையெழுத்தோடு மேனேஜர் அறைக்குப் போனாள்.

மேனேஜர் ஹாலுக்கே வந்துவிட்டார்.

"மேடம், கொஞ்ச நாளாவே எண்ணிக்கை குறையுதுன்னு நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன். இந்த ஒப்பாரிய நிறுத்துங்க."

"என் ரசனை அப்படி சார்." மேடம் எழுந்து நின்றார். "இன்னும் ஒரு மாசம் மட்டும்..."

"ரசனையெல்லாம் வீட்டோட வச்சுக்கங்க. நாளைக்குத் துள்ளலா ஒண்ணு போடுங்க. வேகம் எப்படி ஏறுதுன்னு நானே நின்னு பாக்கறேன்."

அத்தனை பேர் முன்னால் மேடத்தின் முகம் சுண்டிப்போனது. பெரியக்காவுக்கு ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. ஒரே நிமிஷம்.

மறுநாள் பாட்டு துள்ளிக்கொண்டு வந்தது. பெரியக்கா வெற்றிக் களிப்போடு விரிப்பை உதறித் தூக்கினாள்.

கை மார்போடு நின்றுவிட்டது.

மறுபடி தூக்கினாள். மறுபடியும் அங்கேயே நின்றது. மெதுவாகத் தூக்கினால் வலியே தெரியாமல் மேலே போகிற கை, இந்த வேகத்துக்கு வரமாட்டேன் என்றது. அவளுக்கு வியர்த்தது. மேனேஜர் அங்கேதான் நிற்கிறார். நாலு மணிக்கு எண்ணுவார். இருபது வருஷப் பெருமை இன்றோடு சரி என்று நினைத்தாள்.

பயந்துகொண்டே மற்ற மேசைகளைப் பார்த்தாள்.

எல்லார் காலும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. கை மட்டும் நேற்றைய பாட்டுக்கே மடித்துக்கொண்டிருந்தது. அத்தனை ஆரவாரமான பாட்டுக்கு நடுவே, வெள்ளை விரிப்புகள் மெல்ல எழுந்து மெல்ல இறங்கின. பெரியக்காவின் விரிப்பு இறங்கிய பிறகுதான் மற்றவை இறங்கின.

நாலு மணிக்கு எண்ணினார்கள். ஆறு மேசையிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. நேற்றைவிட ஒன்றுகூட அதிகமில்லை.

மேனேஜர் தலையைச் சொறிந்தார். "பாட்டுக்கும் கைக்கும் சம்பந்தமே இல்ல போலிருக்கு. உருளைதான் பழசாயிடுச்சு. நீங்க எதையாவது போட்டுக்கங்க மேடம்."

அவர் போனதும் பெரியக்கா கண்ணாடிக்காரியிடம் கேட்டாள். குரலில் பழைய அதட்டல் இல்லை.

"ஏண்டி, பாட்டு இந்தத் துள்ளு துள்ளுது. எல்லாரும் ஏன் இப்படித் தூங்கி வழியறீங்க?"

கண்ணாடிக்காரி அவள் பக்கத்து மூலையையும் சேர்த்துத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"எவளாவது வேகமா மடிச்சா நம்ம மேசை பின்னாடி போயிடும்க்கா. நீ திரும்பி வந்த அன்னைக்கே மேடம் அதப் பாத்துட்டுத்தான் பாட்ட மாத்தினாங்க. உன் கை பழையபடி மேல ஏறுற வரைக்கும் எங்க எல்லாருக்கும் சோகப் பாட்டுதான் புடிக்கும்."