முள் நிற்கும் நேரம்

எழுபத்து மூன்றாம் வருஷம். தூரத்து மின்னல்கள் ரேடியோவில் எழுப்பும் கரகரப்பைக் காகிதச் சுருளில் முள்ளால் கிறுக்கும் கருவி ஒன்று தூத்துக்குடி துறைமுகத்தில் இருந்தது. சந்தியாகுதான் அதற்குக் காவல். "உலகத்துல எங்கனயாவது மின்னல் வெட்டிக்கிட்டேதான் இருக்கும். முள்ளு நிக்கவே நிக்காது" என்று என்ஜினீயர் சொல்லியிருந்தார்.

தங்கை பிலோமி மதியச் சோறு கொண்டுவரும்போது மட்டும் முள் நின்றது. ஓர் ஆள் மூச்சடக்கும் நேரம் அசையாது. பிறகு இரண்டு முறை சுண்டும்.

சங்கு குளிக்கும் அவள் புருஷன், தூக்கச் சொல்லி, கடலடியிலிருந்து கயிற்றை அப்படித்தான் சுண்டுவான். பெண்டாட்டியின் அண்ணன்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்பது வழக்கம். தங்கையின் தாலியை நினைத்தாவது கைவிட மாட்டான் என்று. சந்தியாகு கைவிடவில்லை. போன மாசியில் கயிறு சுண்டவே இல்லை. இழுத்தபோது வெறுங்கயிறு வந்தது.

"அவுக மூச்சப் பிடிச்சிருக்காகண்ணே" என்பாள் பிலோமி, சோற்றை எடுத்துவைத்தபடி.

இன்று முள் நின்றபடியே இருந்தது. மீன்குழம்பு ஆறி ஏடு கட்டியது. கடைசியில் முள் இரண்டு முறை சுண்டியது.

"தூக்குங்கண்ணே!"

இருவரும் காகிதச் சுருளைப் பிடித்து இழுத்தார்கள். முதலில் உலர்ந்த தாள் வந்தது. அப்புறம் ஈரத்தாள் வந்தது. இழுக்க இழுக்கக் கனத்தது.