மெரினின் சனிக்கிழமை

பலாரட் நகரின் ஏரிக்கரைப் புல்வெளியில், பழங்காலப் போர்வீரர் வேடமிட்டுச் சண்டை விளையாடுகிறவர்களின் தகரக் கவசங்களில் பிற்பகல் வெயில் பட்டுத் தெறிக்கிறது. சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் வார்விக்கின் கண்கள் ஒருத்தியை விட்டு நகரவில்லை. வாரமெல்லாம் அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, மாத்திரை கொடுக்கும் மனைவி மெரின்தான் அங்கே ரப்பர் வாளோடு மூன்று பேரை எதிர்த்து நிற்கிறாள். "படுத்த புருஷனை விட்டுட்டு சனிக்கிழமையானா வேஷங்கட்டிட்டு ஓடுறாளே, வெக்கமா இல்ல?" என்று அவருடைய அக்கா ஐரிஸ் பக்கத்தில் நின்று முணுமுணுக்கிறாள். வாதம் இழுத்த வாயிலிருந்து வார்விக் ஒவ்வொரு சொல்லாக எடுக்கிறார். "ஓடத்தான் செய்றா, அக்கா. ஆனா பாடிக்கிட்டே திரும்பி வர்றா. அந்தப் பாட்டை வெச்சுத்தான் நாங்க ரெண்டு பேரும் ஒரு வாரத்த ஓட்டுறோம்." களத்தில் மூன்றாமவனும் மொத்தென்று புல்லில் சாய்ந்து, செத்துவிட்டதாகக் கையை உயர்த்துகிறான். மெரின் தலைக்கவசத்தைக் கழற்றுகிறாள். நரைமுடி வியர்வையில் நெற்றியோடு ஒட்டிக் கிடக்கிறது; மூச்சிரைக்கச் சிரிக்கிறாள். நாயோடு நடந்து போகிற ஒருவர் நின்று, "யாருங்க அந்தம்மா, இந்தப் போடு போடுறாங்க?" என்று கேட்கிறார். வார்விக் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறார். "என் பொண்டாட்டி!" என்று ஏரிக்கரை முழுக்கக் கேட்கும்படி கத்துகிறார்.