ஒரு முகம் மூவாயிரம்

"மாலை போடறதுக்கு மேல எவ்ளோ இடம் விடட்டும், ஆன்ட்டி?" என்று கேட்டபடி சுமா பென்சிலைக் கையில் எடுத்தாள்.

"மாலையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா. மொதல்ல மூஞ்சி நல்லா வரணும்" என்றாள் வெங்கடம்மா.

மேசை மேல் தபால்தலை அளவில் ஒரு போட்டோ கிடந்தது. வெங்கடம்மாவின் வீட்டுக்காரர் மனோகர். சுரங்க வேலைக்கான பாஸிலிருந்து கத்தரித்த போட்டோ. தோளில் பாதி முத்திரை அப்படியே இருந்தது. முப்பது வயது, மழமழவென்று சவரம் செய்த முகம். இந்த மாதிரி பாஸ் போட்டோவோடு சுமாவிடம் வந்தவர்கள் எல்லோரும் சுவரில் மாட்டி மாலை போடத்தான் படம் கேட்டிருக்கிறார்கள்.

"பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம். அதுக்குள்ள அவுரு வேணும்."

சுமா தலையாட்டினாள். அப்பா இல்லாத பெண்ணின் கல்யாணத்தில், மணமேடைப் பக்கம் நாற்காலி போட்டு அவர் படத்தை வைப்பார்கள். இந்த மாதம் மட்டும் அப்படி இரண்டு படம் வரைந்துவிட்டாள்.

"ஆனா இப்டி வேணாம். இப்ப அவுருக்கு அம்பத்தஞ்சு வயசு. அந்த வயசுக்கு வரைஞ்சு குடு."

அதுவும் சுமாவுக்குப் புரிந்தது. நரைத்த தலையோடு அம்மா நிற்க, பக்கத்துப் படத்தில் அப்பா அவளுடைய மகன் மாதிரி இருந்தால் கல்யாண வீடு சிரிக்கும்.

"ஒரு முகம் மூவாயிரம், ஆன்ட்டி" என்று சுவரில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினாள்.

வெங்கடம்மா அட்டைப் பக்கம் திரும்பவே இல்லை. "நம்ம மைன்ஸ் லைன் வீட்டுப் பொண்ணுதானே நீ. ரவ கொறச்சுக்கோயேன்."

வந்துவிட்டது. இந்த ஒரு வாக்கியத்தால்தான் எட்டு மாதமாகச் சுமாவின் பிழைப்பு நாறிக்கொண்டிருந்தது. மூன்று நாள் முதுகு ஒடிய வரைந்த குடும்பப் படத்துக்கு, எதிர்வீட்டு வால்டர் அங்கிள் ஒரு கேக் பெட்டியைக் கொடுத்துக் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். கேக் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்த அறையின் சொந்தக்காரர் வாடகைக்குக் கேக் வாங்கிக்கொள்ள மாட்டாரே.

பெங்களூர் வேலையை விட்டுவிட்டு, சுரங்கக் குடியிருப்பான பாலகாட்டில் இந்தச் சின்ன அறையைப் பிடித்து வரைய உட்கார்ந்தவள் அவள். இந்த மாதமும் வாடகை வராவிட்டால் அறையைக் காலி செய்துவிட்டு, பழையபடி மாரிகுப்பத்தில் விடிகாலை பெங்களூர் ரயிலைப் பிடிக்க வேண்டியதுதான் என்று கணவன் சரத் சொல்லிவிட்டான். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்குக் கூட்டல் கழித்தல் தெரியும், அவ்வளவுதான். அன்றைக்கே சுமா அந்த அட்டையை எழுதி ஒட்டினாள். யார் வந்து கேட்டாலும் இறங்குவதில்லை என்று தன் தலையில் அடித்துச் சத்தியமும் செய்துகொண்டாள்.

"ஃபிக்ஸட் ரேட், ஆன்ட்டி. கொறைக்க முடியாது." ஒருவழியாகச் சொல்லிவிட்டாள்.

வெங்கடம்மா பர்ஸை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "சரி. ஆனா ஜெராக்ஸ் போட்டா மூஞ்சி தெளிவா தெரியணும். நூறு ஜெராக்ஸ் எடுக்கணும்" என்றாள்.

நூறா! சுமாவுக்குச் சுருக்கென்றது. ஒரு படத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, கல்யாணப் பத்திரிகையோடு சேர்த்து ஊருக்கெல்லாம் விநியோகிக்கப் போகிறாள் போலிருக்கிறது. இந்த யோசனையெல்லாம் ஜனங்களுக்கு எங்கிருந்துதான் வருகிறதோ.

"அப்புறம், தாடி வெச்ச மாதிரி இன்னொண்ணு வரைஞ்சு குடு."

"ரெண்டு முகம்னா ஆறாயிரம்."

"ஆளு ஒண்ணுதானேம்மா?"

"வேலை ரெண்டு, ஆன்ட்டி."

வெங்கடம்மா பர்ஸைத் திறந்து அப்படியே மேசை மேல் கவிழ்த்தாள். "இவ்ளோதாம்மா இருக்கு. மூவாயிரம். சீட்டு எடுத்துக் கொண்டாந்தேன். இதுக்கு மேல நான் இன்னா பண்ணுவேன்?"

சுமாவின் சத்தியம் ஆட்டம் கண்டது. தாடிதானே, அரை நாள் வேலை, சும்மா போட்டுக் கொடுத்துவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. இப்படி 'சும்மா' என்று ஆரம்பித்துத்தானே இந்தக் கதிக்கு வந்தோம் என்று நினைத்துக்கொண்டாள். வெங்கடம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பில் புத்தகத்தை இழுத்து, 'ஒரு முகம் - 3000' என்று எழுதிக் கிழித்து நீட்டினாள். எட்டு மாதத்தில் ஒரு ரூபாய்கூட இறங்காமல் எழுதிய முதல் பில்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க ஆன்ட்டி. தாடியோடயா, தாடி இல்லாமயா?"

வெங்கடம்மா பில்லை வாங்கவில்லை. போட்டோவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். "எனக்குத் தெரியலையேம்மா" என்றாள்.

சுமாவுக்கு எரிச்சலாக வந்தது. காசு போதவில்லை என்றதும் இப்படி ஒரு நாடகமா?

"இன்னா ஆன்ட்டி இது? கட்டின புருஷன் தாடி வெச்சிருந்தாரா இல்லையான்னு உங்களுக்கே தெரியாதா?"

வெங்கடம்மா போட்டோவைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "மைன்ஸ் மூடின வருஷம் வேலை தேடிப் போறேன்னு ரயில் ஏறினவரும்மா. இன்னும் வர்ல."

துடைத்த போட்டோவைச் சுமாவின் கையில் வைத்தாள்.

"ஸ்டேஷன்ல எந்த மூஞ்சிய ஒட்டினா அவுரு கெடைப்பாரு, நீயே சொல்லு."