ஒன்றாம் குழாய்

"தூங்காதே. மேனேஜர் வர்ற நேரம்."

அண்ணி தோளைத் தட்டினாள். இளையவள் மனசே இல்லாமல் கண்ணைத் திறந்தாள். அவள் தூங்கவில்லை, கனவு கண்டுகொண்டிருந்தாள், அவ்வளவுதான். சோதனை அறையின் வெதுவெதுப்பு அப்படி. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம், உள்ளே நீராவியின் மெல்லிய இரைச்சல், காற்றில் சுட்ட மரத்தின் வாசனை. உட்கார்ந்த இடத்திலேயே ஆளைச் சொக்க வைத்துவிடும்.

"தூங்கல அண்ணி. குழாய்க்குள்ள போயிட்டு வந்தேன்."

"என்ன பார்த்தே?"

"ஒரே கறுப்புக் கூழாங்கல். நடுவுல பனி மாதிரி ஆவி போகுது. சத்தமே இல்ல."

"நல்ல வேளை, திரும்பி வந்தே. உங்க அண்ணனுக்கு யாரு பதில் சொல்றது?"

வீட்டில் அண்ணியும் நாத்தனாரும். ஆய்வுக்கூடத்தில் போட்டியாளர்கள். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சண்டை எங்கே என்று தேடுகிறார்கள்.

மரத்தூளைக் காற்று அதிகம் காட்டாமல் சுட்டால் ஒரு வாயு வரும். எரியும், ஆனால் அதில் விஷவாயுவும் நிறைய இருக்கும். அதை நீராவியோடு கலந்து, வினையூக்கி என்கிற கறுப்பு உருண்டைகளின் மேல் ஓடவிட்டால் விஷம் குறைந்து ஹைட்ரஜன் பெருகும். நல்ல தரகர் மாதிரி, இரண்டு பக்கத்தையும் பேசிச் சேர்த்துவைத்துவிட்டு உருண்டைகள் அப்படியே இருக்கும். இருக்க வேண்டும். மரத்திலிருந்து வரும் கந்தகமும் தாரும் மேலே படியப் படிய அவை சோர்ந்துவிடும். 'தூங்கிப்போச்சு' என்பார்கள் அந்தக் கூடத்தில்.

தூங்காத உருண்டையைச் செய்ய இரண்டு பேரும் ஆளுக்கொரு வழியில் பல வருஷமாக மல்லுக்கட்டினார்கள். இப்போது அண்ணியுடையது ஒன்றாம் குழாயில், இளையவளுடையது இரண்டாம் குழாயில். ஜெயிப்பது பெரிய ஆலைக்குப் போகும். தோற்பவருக்கு இனி ஆய்வுக்கூடம் கிடையாது. கொள்முதல் பிரிவில் உட்கார்ந்து, திருகாணிக்கும் துடைப்பத்துக்கும் விலை விசாரிக்க வேண்டியதுதான்.

திரையில் ஒன்றாம் குழாயின் கோடு அசையாமல் தரையோடு தரையாகக் கிடந்தது. இரண்டாம் குழாயின் கோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தது. அங்கே விஷவாயு கூடிக்கொண்டே போகிறது என்று அர்த்தம்.

"ரெண்டு தூங்கிப்போச்சு அண்ணி. ஒண்ணு கல்லு மாதிரி நிக்குது."

"பார்த்தேன்."

"ஜெயிச்சவங்க மூஞ்சியா இது? கொஞ்சம் சிரிங்க."

அண்ணி சிரிக்கவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப்போய்விட்டாள் என்று இளையவள் நினைத்துக்கொண்டாள். அவளுக்கே நெஞ்சு நிறைந்திருந்தது, கூடவே வலித்தது.

காரணம் இருந்தது. குழாய்களை நிரப்பிய அன்று, "எனக்கு முதுகு புடிச்சிருக்கு, ரெண்டையும் நீயே கொட்டிடு" என்று அண்ணி சொல்லிவிட்டுப் போனாள். இளையவள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு காரியம் செய்தாள். தன் பெயர் ஒட்டிய டப்பாவை அண்ணியின் ஒன்றாம் குழாயில் கொட்டினாள். அண்ணி பெயர் ஒட்டியதைத் தன்னுடையதில் கொட்டினாள். பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்பு; யாருக்குத் தெரியப்போகிறது?

தன்னுடையதுதான் ஜெயிக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அண்ணியின் உருண்டைகள் முன்பே இரண்டு தடவை கவிழ்ந்தவை. இதிலும் தோற்றால் அந்த மனுஷி துடைப்பத்துக்கு விலை கேட்டுக்கொண்டே வாடிவிடுவாள். தனக்கென்ன, சின்ன வயசு, எங்கேயாவது பிழைத்துக்கொள்ளலாம். பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுத்த மாதிரிதான் இருந்தது. இருந்தாலும் கொடுத்துவிட்டாள். பெரிய ஆலைக்குள் தன் உருண்டைகள் அண்ணியின் பெயரில் கண் விழித்திருக்கும் காட்சியை நினைத்து நினைத்துத்தான் இந்த நாட்களை ஓட்டினாள்.

"ஒண்ணு சொல்லணும்," என்றாள் அண்ணி. "கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"உன்னோடது தேறாதுன்னு நினைச்சேன். கந்தகத்துக்குத் தாங்காதுன்னு தோணிச்சு. என்னோடதை இந்தத் தடவை நல்லா சரி பண்ணியிருந்தேன். ஆனா நான் ஜெயிச்சு, நீ கொள்முதலுக்குப் போறதைப் பார்க்க எனக்கு மனசு வரல."

இளையவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அதனால கொட்டறதுக்கு முந்தின நாளே ரெண்டு டப்பாவோட லேபிளையும் மாத்தி ஒட்டிட்டேன். உன் பேர் போட்டதுல இருந்தது என்னோடது. என் பேர் போட்டதுல உன்னோடது. என்னோடது உன் பேர்ல ஜெயிக்கட்டும்னு பார்த்தேன். கடைசில பாரு, உன்னோடதுதான் என் குழாய்ல நின்னு ஜெயிச்சிருக்கு. நான்தான் உன்னைத் தப்பா எடை போட்டுட்டேன். மேனேஜர் வந்ததும் சொல்லிடறேன். நாளைக்கே கொள்முதலுக்குக் கிளம்பறேன்."

அண்ணியின் குரலில் வருத்தம் இருந்தது. அதைவிட அதிகமாகப் பெருமை இருந்தது, நாத்தனாரைப் பற்றிய பெருமை. அதைத்தான் இளையவளால் தாங்க முடியவில்லை. அவளுடைய தூக்கக் கலக்கமெல்லாம் எங்கோ பறந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பெயர், வேலை, ஆலை எல்லாம் தானாக மடியில் வந்து விழும். அறையில் நீராவி இரைந்துகொண்டிருந்தது. மேனேஜர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அண்ணி எழுந்தாள்.

இளையவள் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நானும் டப்பாவை மாத்தித்தான் கொட்டினேன் அண்ணி. ஜெயிச்சது உங்களோடதுதான், தூங்கிப்போனது என்னோடது."